யார் வைத்த டைமிங்

பந்தய பைக்குகளுக்கு இன்ஜின் கட்டுவதில் ரெஜினாவுக்குக் கோவையில் தனிப் பேர் இருந்தது. லேத் வேலையை விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்த நாகமாணிக்கம் அவளைவிட வயதில் மூத்தவர். அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள், அவர் தம்பி லோகு ஓட்டப்போகும் வண்டிக்கு அவளே டைமிங் வைத்தாள். பெரிய பிஸ்டன் போட்டுக் கம்ப்ரஷன் ஏற்றிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். பொறி விழும் நேரத்தை மாற்றும் மேக்னட் தட்டை மயிரிழை பின்னுக்குத் தள்ளி இறுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால பொறி விட்டா வேகம் வருமில்லீங்களா?"

"வரும்."

"அப்புறம் ஏனுங்க அம்மிணி?"

"ஏறி வர்ற பிஸ்டனை நெருப்பு எதிர்த்து அடிக்கும். வேண்டாங்ணா."

மறுநாள் காலை அவள் வருவதற்குள் அவர் தட்டை முன்னுக்குத் திருப்பிவிட்டார். வண்டி பறந்தது. பந்தயத்தின் பாதியில் பிஸ்டன் ஓட்டையாகி, இன்ஜின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றது. லோகுவுக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

"பொம்பள கட்டின இன்ஜின்" என்றது ஊர். நாகமாணிக்கம் வாய் திறக்கவில்லை. ரெஜினாவின் பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. அவர் தனியாகப் பட்டறை போட்டார்.

மழைக்காலம் கழிந்து ஒருநாள் அவளைத் தேடி வந்தார்.

"தட்டை நான்தான் திருப்பினேன் அம்மிணி."

"தெரியும். அன்னிக்கே கழட்டிப் பார்த்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையே?"

"நான் சொன்னா யாருங்ணா நம்புவாங்க?"

அவர் தலை குனிந்தார். பிறகு, வந்த காரியத்தைக் கேட்டார்.

"அதே மாதிரி ஒரு இன்ஜின் கைக்கு வந்திருக்கு. எவ்வளவு முன்னால பொறி விட்டாத் தாங்கும்?"

ரெஜினா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குப் பந்தயத்துக்கு முன்னால ஓட்டிப் பார்த்தப்போ உள்ள சத்தம் வருதுன்னு லோகு சொன்னாரா?"

"சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"



"அம்மிணி வச்ச டைமிங், பயப்படாம ஓட்டுன்னேன்."

அவள் எழுந்து பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"இனி டைமிங்கை உங்க பேரைச் சொல்லி வைங்ணா. எங்க நிறுத்தணும்னு உங்க கைக்கே தெரியும்."