தனக்கே வைத்த பிண்டம்

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு ஐம்பது வயது. அவருடைய சீடர் குத்தாலிங்கத்துக்கு அறுபத்தெட்டு. ஒரு போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். சாமி அவரைக் கப்பல்காரரே என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை குத்தாலிங்கம் காவி கேட்டார்.

அந்த மடத்தில் காவி சும்மா கிடைக்காது. கேட்பவர் முதலில் தனக்குத் தானே கருமாதி செய்ய வேண்டும். பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, தான் செத்துவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

"என்ன அவசரம்?" என்றார் சாமி.

"வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிரணும் சாமி."

"சாகறதுக்குக் கெடு வச்சிட்டு வந்த ஆளை இப்பத்தான் பாக்கேன்."

கடற்படை மேல் அவர் போட்ட வழக்குக்கு வியாழக்கிழமை விசாரணை. அது சாமிக்கும் தெரியும். குத்தாலிங்கத்தின் நுரையீரலில் கல்நார்த் தூசி படிந்து இறுகிப்போயிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ்தான். நோய் பணியால் வந்தது அல்ல என்று கடற்படை மருத்துவக் குழு ஒற்றை வரியில் எழுதிக் கையைக் கழுவிவிட்டது. பீடி குடித்திருப்பார் என்றார்கள். வாழ்நாளில் அவர் பீடியைத் தொட்டதில்லை. 'கப்பலில் வந்தது' என்று எழுதுங்கள், அது போதும் என்று ஆறு வருஷமாக அலைகிறார். வாய்தா மேல் வாய்தா. மனுஷனுக்கு அலுத்துவிட்டது. செத்தவனை யாரும் விசாரணைக்குக் கூப்பிட முடியாதே என்று நினைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை இருவரும் ஆற்று மணலில் உட்கார்ந்தார்கள். நடுவில் வாழை இலை, இலையில் பிண்டம்.

"செத்தது யாரு?" என்று சாமி தொடங்கினார்.

"குத்தாலிங்கம்."

"தகப்பன் பேரு?"

"ஆண்டியப்பன்."

"எப்படிச் செத்தாரு?"

சடங்கில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. குத்தாலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"சாவு வீட்டுக்குக் கேதம் விசாரிக்க வந்தவன் கேக்க மாட்டானா? எப்படிச் செத்தாரு?"

"மூச்சு முட்டி."

"எதனால?"

"கொதிகலன் குழாய்க்கெல்லாம் கல்நார் சுத்தியிருக்கும் சாமி. பழசானா நாங்கதான் பிய்ச்சு எடுக்கணும். அஞ்சு பேர். உள்ள மாவு மில்லு கணக்கா இருக்கும்."

"மூக்குல என்ன கட்டினீங்க?"

"கைக்குட்டை." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இரும்புத் தரையில படுக்க முடியாது. அந்தக் கல்நார்த் துணியவே மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிடுவோம். மெத்துனு இருக்கும்."



"அது ஆளைக் கொல்லும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உள்ள அனுப்பினவங்களுக்கு?"

"ஒரு தடவை மேலதிகாரிங்க பார்வையிட வந்தாங்க. வாசலைத் தாண்டி வரல. மூணு பேரும் மாஸ்க் போட்டிருந்தாங்க. 'குட் ஒர்க்'னு சொல்லிட்டுப் போனாங்க. நாங்க சல்யூட் அடிச்சோம்."

இதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு எங்கோ நன்றாகத்தான் இருந்தார்கள்.

"மத்த நாலு பேரு?"

"போய்ச் சேந்தாச்சு. கடைசியா மரியசூசை, போன ஆடியில. அவன் பெண்டாட்டியும் கேசு போட்டிருக்கு, நாளைக்கு விசாரணைக்கு வருது. அவன் அந்த அறைக்குள்ள இருந்தான்னு சொல்ல இனி நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"அது தெரிஞ்சுமா சாக வந்தீங்க?"

"கோபம் அடங்கலியே சாமி. கோபத்தோட எப்படிக் காவி கட்ட?" குத்தாலிங்கம் அழுதார். அழுகை இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. "முன்வினைன்னு நெனச்சு விட்டுரலாம்னு பாத்தேன்."

"யார் செஞ்ச வினை?"

குத்தாலிங்கம் குனிந்து எள்ளை அள்ளினார். சாமி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். எள் மணலில் சிந்தியது.

"ஒருத்தனை அடிச்சுக் கொன்னு, அவன் உடம்பு ஆஸ்பத்திரியில கெடந்தா, சொந்தக்காரங்க என்ன செய்வாங்க?"

அந்தச் சீமையில் இது தெரியாதவர் உண்டா? ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். தாசில்தார் வந்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கொன்றவன் பேர் எழுத்தில் ஏறுகிறவரை கருமாதிப் பேச்சுக்கே இடமில்லை.

"பொணத்தை வாங்க மாட்டாங்க சாமி."

சாமி பிண்டத்தை இலையோடு தூக்கி ஆற்றில் எறிந்தார்.

"நானும் வாங்க மாட்டேன்," என்றார். "எந்திரிங்க கப்பல்காரரே. நாளைக்கு அந்தம்மா அங்க தனியா நிக்கக் கூடாது."