போனில் சொன்ன எடை

ரத்தசோகைக்கான புதிய ஊசி மருந்தை எடையைப் பொறுத்துத்தான் கொடுக்க வேண்டும். முகாமுக்கு வரும் பெண்களிடம் அமலோற்பவம் முன்பே போனில் எடை கேட்டு வைத்திருந்தாள். மருத்துவர் வசுமதியிடம் ஆராய்ச்சி பயில வந்தவள் அவள்.

பேச்சியம்மாள் சொன்னது ஐம்பத்து நான்கு கிலோ. ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. அவளுடைய மெலிந்த புஜத்தைப் பிடித்த வசுமதி, "நிறுத்து" என்றார்.

"ஏன் மேடம்?"

"மெஷின்ல ஏறச் சொல்லு."

நாற்பத்து மூன்று.

அமலோற்பவம் ஊசியைத் தட்டில் வைத்தாள். "இவ்வளவு மருந்தும் உள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் மாரிச்சாமி, "கேக்காங்கல்ல, சொல்லு" என்றான்.

"இவங்க பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடலாம் மேடம்" என்றாள் அமலோற்பவம். " தன் எடையே தெரியாதவங்களை வெச்சு என்ன ஆராய்ச்சி பண்றது?"

வசுமதி மாரிச்சாமியை வெளியே இருக்கச் சொன்னார்.

"எம் பொண்டாட்டிதானே. நான் நின்னா என்ன?"

அவர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். வெகுநேரம் நின்றார். அவன் முறைத்துக்கொண்டே போனான். வசுமதி கதவைச் சாத்திவிட்டு வந்து பேச்சியம்மாள் எதிரே உட்கார்ந்தார்.

"போன மாசம் எவ்வளவு இருந்தீங்க?"

"நாப்பத்தஞ்சு." பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை. "பொங்கலுக்கு நாப்பத்தெட்டு. ரேஷன் கடைத் தராசுல ஆளில்லாதப்ப நின்னு பாத்துக்கிடுவேன்."

"இப்படிக் குறைஞ்சுக்கிட்டே வர்றது வீட்டுல தெரியுமா?"

"தெரிஞ்சா சீக்காளின்னு எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவாக. பிள்ளைகளத் தர மாட்டாக."

வெளியிலிருந்து கதவைத் தட்டினான் மாரிச்சாமி. அவள் சட்டென்று சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

அமலோற்பவம் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் தெரிஞ்சிருக்கு மேடம். அப்புறம் ஏன் நான் கேட்டப்போ மட்டும்..."

"போனை எடுத்தது யாரு?"

"அவங்க வீட்டுக்காரர். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசச் சொன்னார்."

மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இப்போது பலமாக.

வசுமதி எழுந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

"அப்போ நீ இவங்களை இன்னும் கேட்கவே இல்லை, அமலா."