கோமளத்துக்கு முதுகு அரித்தது

மூங்கில் காட்டில் கோமளம் என்றொரு வயதான யானை இருந்தாள். கூட்டத்துக்கே அவள்தான் தலைவி. கோடையில் குட்டை வற்றிவிட்டால், மலைமேல் இருக்கும் சுனைக்குப் போகும் வழி அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒருநாள் தங்கை செண்பகத்தை "ஏ மரகதம்" என்று கூப்பிட்டுவிட்டாள். மரகதம் என்பது செண்பகத்துக்கு ஆகவே ஆகாத நாத்தனார். அன்று முழுக்க செண்பகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. அக்காவுக்குப் பேர் மறக்கிறதென்றால் நாளைக்கு வழியும் மறந்துவிடாதா?

கூட்டமே கொக்கு வைத்தியரிடம் ஓடியது. வைத்தியர் குட்டையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னைப் பாருங்க," என்றார். "காலையிலேருந்து அசையலை. அதான் ஒரு மீனும் என் கண்ணுக்குத் தப்பலை. அசைஞ்சா புத்தி சிதறிடும். அம்மாவை நின்ன இடத்துலயே நிக்க வைங்க."

கொக்குக்குச் சரிப்படுவது யானைக்கும் சரிப்படுமா என்று யாரும் கேட்கவில்லை. வைத்தியர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து கோமளத்துக்கு ராஜ உபசாரம். நின்ற இடத்துக்கே தழையும் தண்ணீரும் வந்தன. முதலில் அவளுக்கும் சுகமாகத்தான் இருந்தது. போகப் போகப் புத்தி மந்தமாகிவிட்டது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பாடு கேட்டாள். எதிரே இருந்த பாறையிடம், "எப்ப வந்தீங்க, சித்தப்பா?" என்று குசலம் விசாரித்தாள்.

குட்டை வற்றத் தொடங்கியது.

"அக்கா, சுனைக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று செண்பகம் கேட்டாள்.

கோமளம் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தன்னை நம்பி இத்தனை உயிர்கள் இருக்கின்றனவே என்று அழுகையே வந்துவிட்டது.

"இன்னும் அசையாம நிக்கணும்," என்றார் வைத்தியர்.

மறுநாள் காலை கோமளத்துக்கு முதுகு அரித்தது. பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. எல்லோரும் குட்டைக்குப் போன நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக வேங்கை மரம் வரை நடந்து போய் முதுகைத் தேய்த்துக்கொண்டு திரும்பினாள். அடுத்த நாள் அரிக்கவே இல்லை. ஆனாலும் அரிப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். பிறகு புற்று வரை போனாள், அதற்கும் பிறகு நாவல் மரம் வரை. ஓட்டமும் இல்லை, அவசரமும் இல்லை, ஆடி அசைந்து ஒரு நடை, அவ்வளவுதான். சில நாளில் பாறை வெறும் பாறைதான் என்று தெரிந்துவிட்டது.

ஒருநாள் நாவல் மரத்தடியில் வைத்தியரும் செண்பகமும் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

"யாரைக் கேட்டு நடந்தீங்க?" என்று சீறினார் வைத்தியர். "இருக்கிற கொஞ்சம் புத்தியும் போயிடுமே!"

"முதுகு அரிச்சுது, வைத்தியரே," என்றாள் கோமளம். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஏன் செண்பகம், போன கோடையில மலைப்பாதை வளைவுல மரகதத்தைச் சேத்துல தள்ளிவிட்டியே, அது இந்த மரத்துக்கு மேலதானே? அந்த வளைவைத் தாண்டி வலது பக்கம் ஏறினா சுனை."

செண்பகத்துக்கு வெட்கமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தன.

கூட்டம் அன்றே புறப்பட்டது. சுனையில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் குடித்த பிறகுதான் கோமளம் குடித்தாள். பின்னாலேயே பறந்து வந்த வைத்தியர், "என் வைத்தியம் கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும்," என்றார். அதைக் கேட்க அங்கே கோமளம் இல்லை, சுனையைச் சுற்றி உலாத்தப் போய்விட்டாள்.

வயதாகிறதே என்று உடம்பை ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் புத்தியும் நின்றுவிடும். தினமும் மெல்ல நடக்கும் கொஞ்ச தூர நடையே அதை விழிப்பாக வைத்திருக்கும்.