எழுநூறு ஏக்கர் புதர்

"இந்த மலையில பழங்காடுன்னு ஒண்ணு இல்லவே இல்லம்மா."

சொன்னவர் மாசிலாமணி, அரசாங்க நில அளவையர். பொதுநிலத்தில் எது பழங்காடு என்று கண்டெழுதுவது அவர் வேலை. பழங்காடு என்று எழுதினால் கோடரி தொடாது.

கேட்டுக்கொண்டிருந்தவள் வெள்ளியம்மை. மலைமேல் தனியாகக் குடியிருக்கும் துறவி. அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குரு என்று சொல்லிக்கொள்வார்.

"எப்படித் தேடினீங்க?"

"நாலு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற மரம் இருக்கான்னு பார்த்தேன். வடக்குச் சரிவு எழுநூறு ஏக்கர். எல்லாம் தொடை கனம்தான். புதர்னு எழுதிட்டேன். நாளைக்கு வெட்ட வர்றாங்க."

அத்தாட்சிக்கு ஒரு மரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்த மரவட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

வெள்ளியம்மை அதன் முகத்தை மணல் போட்டுத் தேய்த்தாள். நீர் தெளித்தாள். அவருடைய பூதக்கண்ணாடியையே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வளையத்தை எண்ணுங்க. ஒரு வளையம், ஒரு வருஷம்."

எண்ணினார். நாற்பதில் சிரித்தார். நூறில் சிரிப்பு நின்றது. இருநூற்றைத் தாண்டியபோது கண்ணாடியை இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி எண்ணினார். அதே முந்நூற்றுப் பன்னிரண்டு.

"இந்தக் கனத்துக்கா?"

"பாறைமேல ரெண்டு விரல் மண்ணு. எதைத் தின்னு பருக்கும்?"

மாசிலாமணி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"கால் மணி நேரத்துல அறுத்துட்டேனேம்மா!"

அவள் தேற்றவில்லை.

"எழுதினதை மாத்துங்க."

"கையெழுத்துப் போட்டாச்சு. தப்புன்னு சொன்னா முப்பது வருஷ சர்வீஸ் போயிடும்."

வெள்ளியம்மை மரவட்டின்மேல் சுண்டுவிரலை வைத்தாள். முப்பது வளையங்கள் நகத்தடியில் மறைந்துபோயின.

அவர் அந்த நகத்தைப் பார்த்தார்.

"சரிம்மா. காலைல முதல் வேலையா ஆபீசுல எழுதிக் கொடுத்துடறேன்."

"ஆபீஸ் எப்பத் திறக்கும்?"

"பத்து மணிக்கு."

"வெட்டுறவங்க எப்ப வருவாங்க?"

"விடிஞ்சதும்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விடியுமுன் அங்கே போய் மறிக்க வடக்குச் சரிவை நோக்கி ஓடினார்.