தம்பிக்கு ஐந்து நிமிடம்

பஸ் கம்பெனித் தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம் பஞ்சாயத்துப் பேசிப் பழம் தின்று கொட்டை போட்டவர் சுடலைமுத்து. ஐம்பத்தாறு வயதில், சமாதானமும் சச்சரவுத் தீர்வும் என்று இணையவழியில் முதுகலை படிக்கக் கிளம்பினார். எழுத்துத் தேர்வுகளில் வெளுத்து வாங்கினார். கடைசியாக வைக்கும் வாய்மொழித் தேர்வான வைவாவில் மட்டும் பேராசிரியை நசீமா பானு அவரை ஒருமுறை நிறுத்திவைத்துவிட்டார். இன்று இரண்டாவது வாய்ப்பு. இதிலும் தவறினால் பட்டம் கிடையாது.

நசீமாவுக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு. அதுவும் அவரை உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

திரையில் முகம் வந்ததும் நேராகவே கேட்டுவிட்டார்.

"மேடம், பாடம் பூரா தலைகீழாச் சொல்லுதேன். என்னை ஏன் நிறுத்துனீங்க? எங்கிட்ட என்ன குறை?"

நசீமா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"சமரசம் பேசுறவருக்கு முதல் விதி என்ன சார்?"

"ஒரு தரப்பு சொல்லி முடிக்கிறவரை குறுக்க பேசக்கூடாது."

"உங்க வீட்டுல யார்கூடவாவது பேச்சு இல்லாம இருக்கா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"தம்பி. கொம்பையா. அம்மா தவறுன அன்னைக்கு நான் மெட்ராஸ்ல, ஸ்டிரைக் பேச்சுவார்த்தையில. வந்துக்கிட்டே இருக்கேன்னு போன்ல சொன்னேன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்கது கடைசிப் பிள்ளைதான், சரி. மூத்தவன் வந்து முகம் பாக்கக் காத்திருக்க வேண்டாமா? நான் போய் இறங்கும்போது சாம்பல்தான் கெடந்தது. ஒன்பது வருஷம் ஆச்சு மேடம்."

"ஏன் காத்திருக்கலைன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவன்கிட்ட என்ன கேக்க?"

"சரி. இப்ப நான்தான் கொம்பையா. அஞ்சு நிமிஷம் பேசுவேன். நீங்க பேசாம காது குடுத்தா போதும், பாஸ் போட்டுடுவேன்."

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷப் படிப்புக்கு இதுதானா பரீட்சை? எத்தனை முதலாளிகளின் வசவை உட்கார்ந்து கேட்டவர் அவர்!

வைவாவின்போது சமரசம் பேசுபவர் இடம் மாணவருக்கு; அதனால் அந்த இணைய அறையும் அவர் பொறுப்பு. யாரைப் பேசவிடுவது, யாரை மியூட் செய்வது எல்லாம் அவர் கையில்.

நசீமா காமிராவை அணைத்தார். முகம் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம் வந்தது. அதன் அடியில் இருந்த தன் பெயரை அழித்து வேறு பெயர் போட்டார்.

கொம்பையா.

சுடலைமுத்து அந்தப் பெயரைப் பார்த்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் கண்டால்கூட மடித்து வைத்துவிடுகிற பெயர் அது. கட்டத்துக்குள்ளிருந்து, பேசப் போகிற ஒருவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். என்ன செய்தோம் என்று அவருக்கே உறைக்க ஒரு கணம் பிடித்தது. கட்டத்தின் மூலையில், மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. மியூட் செய்தது அவர்தான்.

சுட்டதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்தார். முப்பது வருஷத்தில் எந்த முதலாளியையும் அவர் இப்படி வாயடைத்ததில்லை.

"மேடம்... தெரியாம கை பட்டுட்டு..."

பொய் என்று அவருக்கே தெரிந்தது.

குரலில் பதில் வர வழியில்லை. சற்றுப் பொறுத்து, திரையின் ஓரத்தில் எழுத்தாக வந்தது. மேலே கொம்பையா என்ற பெயர். கீழே ஒரே வரி.

"நான் இன்னும் வாயே திறக்கலையே, அண்ணே."