கோபாலு நடந்த நாலு அடி

வா, இப்படித் திரும்பிப் படு. காலை என் மேல போட்டுக்கோ, பரவாயில்ல. மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டாத்தான் சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவேன். இல்லேன்னா ஊஞ்சல்லயே சாமியாடுவே. கதை வேணுமா? ராஜா கதையெல்லாம் கிடையாது, ராஜாவுக்கு இன்னிக்கு லீவு. நீ ஒழுங்கா "ம்" கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். பெரியம்மாவுக்கும் தூக்கம் சொக்குது.

ஒரு ஊர்ல ஒரு மூட்டைக்காரி இருந்தா. பேரு செங்கமலம். மூட்டைக்காரின்னா மூட்டை தூக்கிப் பிழைக்கிறவ இல்ல. ஆஸ்பத்திரியில நர்ஸு. ஆனா தெருமுனைக்குப் போனாலும் ஒரு பெரிய பையைத் தோள்ல மாட்டிக்குவா. அதுக்குள்ள பால் புட்டி, டயப்பர், மாத்துத்துணி, கொசு மருந்து, கிலுகிலுப்பை, எல்லாம் லொட லொடன்னு கிடக்கும். அவ வராளா இல்லையான்னு பையோட சத்தமே சொல்லிடும். அவ வீட்டுக்காரன் குமரகுரு, வெல்டிங் பட்டறை வெச்சிருந்தான். மூணு பிள்ளைங்க. மூத்தவ பொன்மணி, எல்கேஜி படிக்கிறா. நடுவுல குழலி, ரெண்டு வயசு, ஓட ஆரம்பிச்சா நிக்கவே மாட்டா. கடைசி கோபாலு, பதினோரு மாசம். ம்?

ம். சரி.

அந்தச் செங்கமலத்துக்கு ஒரே ஒரு ஆசை. பெரிய ஆசையெல்லாம் இல்ல. பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கிறதைத் தன் கண்ணால பாக்கணும். அவ்வளவுதான். பொன்மணி முதல் முதலா நடந்தப்போ இவ சொட்டு மருந்து முகாம்ல ஊர்ப் பிள்ளைங்க வாயெல்லாம் பிளந்து மருந்து ஊத்திட்டிருந்தா. குழலி நடந்தப்போ ரேஷன் கடை வரிசையில நின்னுட்டிருந்தா. பாமாயிலோட வீட்டுக்குள்ள வந்தா, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து, "அக்கா, உன் பொண்ணு நடந்துட்டா!" அப்படிங்குறா. இவ பாமாயிலைக் கீழ வெச்சிட்டு, "எங்க, இன்னொரு தரம் நட, அம்மாவுக்கு நடந்து காட்டு"ன்னு கெஞ்சுறா. குழலியும் நடந்தா. ஆனா அது ரெண்டாவது தரம்தானே? அவ மனசு ஒப்புமா?

அவங்க வீட்டுல பிள்ளை முதல் அடி வெச்சா கொழுக்கட்டை பிடிச்சுத் தெருவுக்கே குடுப்பாங்க. அடிக் கொழுக்கட்டைன்னு பேரு. ரெண்டு பிள்ளைக்கும் பிடிச்சா. பாக்காத அடிக்குப் பிடிச்ச கொழுக்கட்டை. ஒண்ணு கூட அவ வாயில வைக்கல.

அதனால கோபாலு பொறந்தப்போ சொல்லிட்டா. "இவன்தான் கடைசி. இவன் அடியை நான் பாக்காம விடமாட்டேன்." ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிப் போட்டா. பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டா. சமைக்கும்போதும் இடுப்புல, கோலம் போடும்போதும் இடுப்புல. கீழ விட்டா தான் பாக்காத நேரத்துல நடந்துடுவானோன்னு பயம். பைத்தியக்காரி, வேற என்ன சொல்ல! குளிக்கப் போறப்ப மட்டும் குமரகுருகிட்ட குடுத்து, "கீழ விடாதீங்க, விட்டீங்கன்னா பாருங்க"ன்னு மிரட்டிட்டுப் போவா.

அப்புறம் அவகிட்ட இன்னொரு குணம். வெளிய கிளம்பிப் போறப்ப யாரும் பின்னாலேருந்து கூப்பிடக் கூடாது. "எங்க போறே"ன்னு கேக்கக் கூடாது. கூப்பிட்டா போற காரியம் விடியாதாம். உன் அம்மாவும் சொல்லுவா இல்ல? அதேதான். யாராவது கூப்பிட்டுட்டா, திரும்பி வந்து, உக்காந்து, ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சு, அப்புறம்தான் கிளம்புவா. அந்த ரெண்டு மடக்குக்கு நடுவுல கூப்பிட்டவங்க நல்லா வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்.

அப்போ புரட்டாசி மாசம். காலாண்டுப் பரீட்சை லீவு விட்டாச்சு. வெயில் ஓஞ்சிடுச்சு, மழை இன்னும் பிடிக்கல. சின்னப் பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போக அதுதான் நல்ல நாளு. குமரகுரு பட்டறையைச் சாத்திட்டு வந்து, "வாங்க, எல்லாரும் குளத்தங்கரை பார்க்குக்குப் போவோம்"னான். வீட்டுலேருந்து நாலு தெரு தள்ளி. பிள்ளைங்க குதிக்குதுங்க, திங்கு திங்குன்னு. செங்கமலம் எலுமிச்சம்பழச் சாதம் கட்டினா, அப்பளம் பொரிச்சா, பையை ரொப்பினா. லொட லொட லொட லொட, நடந்தாங்க.

குளத்தங்கரையில நல்ல காத்து. ஊஞ்சல் க்ரீச் க்ரீச்சுங்குது. தண்ணியில மீனு சளக்குனு துள்ளுது. ஒரு சிமெண்டு பெஞ்சுல உக்காந்தாங்க. உக்காந்து மூச்சு கூட விடல, செங்கமலம் பிள்ளை காதைத் தொட்டுப் பாத்தா. "ஐயையோ, குல்லா எடுத்துட்டு வரல!"

"இந்தக் காத்துக்கு என்னடி குல்லா?"ன்னான் குமரகுரு.

"உங்களுக்கென்ன, சளி பிடிச்சா ராத்திரி முழுக்க நான்தானே முழிச்சுக்கணும். இந்தாங்க பிள்ளை. கீழ விடாதீங்க." விறுவிறுன்னு கிளம்பினா.

பொன்மணி பின்னாலேருந்து, "அம்மா, எங்க போறே?"ன்னு ஒரு சத்தம். போச்சு! செங்கமலம் திரும்பி வந்தா. உக்காந்தா. ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சா. "போறவளைப் பின்னால கூப்பிடாதேன்னு எத்தனை தரம்டி சொல்லியிருக்கேன்?"னா. அப்புறம் போயி குல்லா கொண்டாந்தா. ம் கொட்டு.

அப்புறம் பால் புட்டி கழுவ வெந்நி ஃபிளாஸ்க்கு இல்லன்னு கண்டுபிடிச்சா. மறுபடியும், "இந்தாங்க பிள்ளை, கீழ விடாதீங்க." மறுபடியும் விறுவிறு. பொன்மணிக்கு அப்போ பாத்து மூக்கு ஒழுகுது. "அம்மா, மூக்கு!"ன்னா. அவ்வளவுதான். செங்கமலம் திரும்பி வந்து, மூக்கைத் துடைச்சு விட்டு, தொடையில நறுக்குனு ஒரு கிள்ளு. "உனக்கு வாய் சும்மாவே இருக்காதா? இன்னொரு தரம் கூப்பிட்டே, பேச்சே கிடையாது உன்கூட." தண்ணி குடிச்சா, போனா, ஃபிளாஸ்க்கைக் கொண்டாந்தா. புள்ள அழல. தொடையைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

தூங்கிட்டியா? இல்லையே? சரி, இப்பத்தான் முக்கியமான இடம்.

மூணாவது தரம் என்ன ஆச்சுன்னா, தன் பிள்ளையை ஊஞ்சலாட்ட வந்த ஒரு அம்மா கோபாலு கன்னத்தைக் கிள்ளி, "என்ன கொழுகொழுன்னு இருக்கான்!"னுட்டுப் போனா. செங்கமலம் உடனே பிள்ளை முகத்தைத் தன் பக்கம் திருப்பினா. பாத்தா, பிள்ளை கன்னத்துல திருஷ்டிப் பொட்டு இல்ல. மை டப்பா வீட்டுல. "இந்தாங்க பிள்ளை"ன்னா.

"விடு செங்கமலம். வந்ததுலேருந்து நீ இங்க உக்காரவே இல்ல. பிள்ளைங்க சாப்பிடட்டும்"னான் அவன்.

"ஒரு நிமிஷம். இதோ வந்துடுறேன். கீழ விடாதீங்க." போனா. இந்தத் தடவை பின்னால ஒரு சத்தமும் இல்ல. பரவாயில்லையே, பொண்ணு கத்துக்கிட்டாளேன்னு மனசுக்குள்ள சந்தோஷம் வேற அவளுக்கு. திரும்பிப் பாக்காம போனா.

மை டப்பாவோட வந்தா, எல்லாரும் ஒரு மாதிரி இருக்காங்க. குமரகுரு பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டுத் தண்ணியைப் பாத்துட்டிருக்கான். குழலி விரல் சூப்புறா. பொன்மணி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திட்டு உக்காந்திருக்கா.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, பசி"ன்னான் குமரகுரு. சரின்னு பொட்டு வெச்சா, சாதம் ஊட்டினா, அப்பளத்தை நொறுக்குனு கடிச்சாங்க, வீட்டுக்கு வந்துட்டாங்க.

அப்புறம் நாலு நாள் கழிச்சு, காலையில, அடுப்படியில, கோபாலு அரிசி டின்னைப் பிடிச்சுட்டு நின்னான். கையை விட்டான். செங்கமலம் அரிஞ்சிட்டிருந்த கத்திரிக்காயை அப்படியே போட்டா. ஒரு அடி. தத்தக்கா. இன்னொரு அடி. பித்தக்கா. நேரா வந்து அவ மடியில தொபுக்! அவ போட்ட சத்தத்துல காக்கா பறந்துடுச்சு. "நடந்துட்டான்! என் கண்ணால பாத்துட்டேன்! நான் பாத்துட்டேங்க!" சிரிக்கிறா, அழுவுறா, பிள்ளை காலை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறா. குமரகுரு வாசப்படியில நின்னுட்டு, "ஆமா, ஆமா"ங்குறான். முகம் மட்டும் ஏனோ தெளியல.

அன்னிக்கே மாவு இடிச்சா. வெல்லம் தட்டி, தேங்கா துருவி, ஏலக்கா போட்டு, கொழுக்கட்டை பிடிச்சா பாரு, வீடே மணக்குது. தெருவுல ஒரு வீடு விடல. "நான் பாத்த அடிக்கு, நான் பாத்த அடிக்கு"ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தா. அப்புறம் வீட்டுக்கு வந்து, உக்காந்து, மூணு பிள்ளை பெத்ததுக்கு முதல் தடவையா தானும் ஒரு கொழுக்கட்டையை வாயில வெச்சா.

அப்போ பொன்மணி கேக்குறா, வாயெல்லாம் வெல்லம், "ஏம்மா, அன்னிக்கு ஏன் கொழுக்கட்டை பண்ணல? பார்க்குல நடந்தானே, நாலு அடி. நான் எண்ணினேனே."

ம்? ம் கொட்டலையே நீ.

செங்கமலத்தால வாயில இருந்ததை முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. வீட்டுக்காரனைப் பாத்தா. அவன் சுவரைப் பாத்தான். "குழலி படித்துறைப் பக்கம் ஓடினா செங்கமலம். நான் என்ன பண்ணுவேன்? இவனைப் பெஞ்சு ஓரமா நிக்க வெச்சிட்டு அவளைப் பிடிக்க ஓடினேன். திரும்பினா, நடந்துட்டான். உன்கிட்ட எப்படிச் சொல்ல? வீட்டுல உன் முன்னால நடந்தா அதையே முதல் அடின்னு வெச்சுக்கலாம்னு நினைச்சேன். பொன்மணிகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லி வெச்சேன்." நல்ல மனசோடதான் மறைச்சான். மறைச்சாலும் மறைச்சதுதானே?

அவ சண்டை போடல. போட்டிருந்தா தேவலை. கொழுக்கட்டைப் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்தா. சாயங்காலம் மூணு பிள்ளைங்களையும் கூட்டிட்டுக் குளத்தங்கரைக்குப் போனா. பை கூட எடுத்துக்கல. பொன்மணியைப் பெஞ்சு பக்கத்துல நிறுத்தி, "எங்கேருந்து நடந்தான், காட்டு"ன்னா.

"இங்கேருந்து."

"எந்தப் பக்கம் போனான்? அப்பா பக்கமா? உன் பக்கமா?"

"ஊஹூம். கேட்டுப் பக்கம். நீ அந்தப் பக்கம்தானேம்மா போயிட்டிருந்தே? உன் பின்னாலதான் கையை நீட்டிட்டு வந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் தொபுக்குனு விழுந்துட்டான்."

"நான் எவ்வளவு தூரத்துலடி இருந்தேன்?"

பொன்மணி ஓடிப் போயி ஒரு இடத்துல நின்னு காட்டினா. கிட்டதான். பத்தடி இருக்கும்.

"என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமேடி, தங்கம்!"

"நீதானே கூப்பிடக் கூடாதுன்னே? எனக்குக் கூப்பிடணும்னுதான் இருந்துச்சு. சத்தம் வந்துடுமோன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்." எப்படிப் பொத்தினேன்னு செஞ்சும் காட்டினா, ரெண்டு கையாலயும். சொன்ன பேச்சைக் கேட்டோம்னு அந்தப் புள்ளைக்குப் பெருமை.

செங்கமலம் அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுதாளான்னா கேக்குறே? அழுதா. வாய் விட்டு அழுதா. மை டப்பாவை நினைச்சு அழுதா, கிள்ளின கிள்ளை நினைச்சு அழுதா. பொன்மணியை இழுத்து மடியில போட்டுக்கிட்டு, தொடையில கிள்ளின இடத்தைத் தடவினா. "இனிமே கூப்பிடுடி. எங்க போனாலும் கூப்பிடு. எத்தனை தரம் வேணா கூப்பிடு. அம்மா திரும்பிப் பாக்குறேன்"னா.

பொன்மணியும் சரின்னு தலையாட்டினா. சின்னப் புள்ளைதானே, அந்த நேரத்துக்கு எல்லாத்துக்கும் தலையாட்டும்.

அப்புறம் செங்கமலம் எத்தனையோ தரம் வெளிய கிளம்பிப் போனா. ஆஸ்பத்திரிக்குப் போனா, கடைக்குப் போனா. பிள்ளைங்க வளர்ந்துதுங்க. ஒவ்வொரு தரமும் வாசப்படி தாண்டி வேணும்னே மெதுவா நடப்பா, செருப்பைச் சரி பண்ற மாதிரி நிப்பா, பின்னாலேருந்து யாராவது அம்மான்னு கூப்பிடுவாங்களான்னு. ஒருத்தரும் கூப்பிடல. அவ்வளவு நல்லா பழக்கி வெச்சிருந்தா.

போதும். கதை முடிஞ்சுடுச்சு, நீயும் கண்ணை மூடு.