கரையான் பூசாமல் விட்ட அடிப்பக்கம்

பூச்சியும் விலங்கும் ஒன்றோடொன்று வாய் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கரையான் மண்ணுக்குள் ஒளிந்து வாழவில்லை. பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும், கதவுகளுக்குப் பூச்சு வேலை பார்த்தான். வேப்பெண்ணெயில் செம்மண் குழைத்து அவன் பூசிய கதவு பத்து மழைக்காலம் தாங்கும் என்று பேர். அந்தப் பேரை யாரும் அவனுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அடிபட்டு மிதிபட்டுச் சம்பாதித்தது. அதனால் மூக்குக்கு மேல் கோபமும் வரும்.

ஐப்பசி பிறக்க இரண்டே நாள் இருந்தபோது கீரி மூக்காயி அவனைத் தேடி வந்தாள். ஓடைக்கரையில் அவள் வளை. உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள். பாம்புக்குப் பயந்து, மரங்கொத்தி ஆசாரியிடம் சொல்லி வேங்கைப் பலகையில் புதுக் கதவு செய்து வாங்கியிருந்தாள். அது இன்னும் வெறும் மரமாக வளைவாசலில் சாய்ந்து கிடந்தது.

"எத்தனை நாளாகும்ண்ணே?"

"நாலு நாள். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், கடைசியா தலைகீழா நிறுத்தி அடிப்பக்கம். ஒவ்வொண்ணும் காயணும் தங்கச்சி."

"நாலு நாளா! கதவுக்குப் பூசப் போறியா, கல்யாணம் பண்ணி வைக்கப் போறியா?"

"குட்டி போடறதை நாலு நாள் முன்னாடி வச்சுக்கச் சொன்னா, நீ வச்சுக்குவியா?"

"வாயைப் பாரு! மேகம் கறுத்துட்டு வருதுண்ணே. வளையைத் திறந்து போட்டுட்டு இரை தேடப் போக முடியலை. நான் தின்னு மூணு நாளாச்சு, பால் வத்திப்போச்சு. ரெண்டு நாள்ல முடிச்சுக் கொடு."

"மூணு."

"ரெண்டு. முடியாதுன்னா சொல்லு, குளவியைக் கூப்பிட்டுக்கறேன்."

கரையானுக்குச் சுருக்கென்றது. நேற்று முளைத்த குளவி! சேற்றை அள்ளி அப்பிவிட்டுப் பூச்சு என்று சொல்லித் திரிகிறவன். அவனோடு தன்னை நிறுத்துப் பார்ப்பதா? "சரி, ரெண்டு நாள்! போ!" என்று ஆத்திரத்தில் வாயை விட்டுவிட்டான்.

இரண்டாம் நாள் பொழுது சாயும்போது கதவு முன்னும் பின்னும் ஓரத்திலும் பளபளவென்று நின்றது. அடிப்பக்கம் மட்டும் பாக்கி. அதைப் பூசினால் இன்னொரு பகல் காய வேண்டும். மூக்காயி பசியில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"அடியிலயும் பூசிட்டியாண்ணே?"

தரையில் படிகிற இடம். யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

"பூசியாச்சு. மாட்டு."

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. மூக்காயி கதவைச் சாத்திவிட்டு, இனிக் கவலையில்லை என்று இரை தேடிப் போனாள். ஓடை பெருகி வாசலுக்கு ஏறியது. பூசாத அடிப்பக்கம் தண்ணீரைக் குடித்துக் குடித்து, கதவு ஊதி நிலையோடு இறுகிவிட்டது. கரையில் இருந்த வெடிப்பு வழியே வெள்ளம் பின்புறமாக வளைக்குள் இறங்கியது.

திரும்பி வந்த மூக்காயி கதவைத் தள்ளினாள், முட்டினாள், பிறாண்டினாள். அசையவில்லை. அவள் போட்ட கூச்சலில் கரையான் ஓடி வந்தான். அவள் சேற்றை விலக்கிக் கதவின் அடியைப் பார்த்தாள். வெறும் மரம், ஊறி வெளுத்திருந்தது.

"பூசியாச்சுன்னு சொன்னியேண்ணே" என்றாள்.

திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குத் திட்டியிருப்பான்.

கரையான் கதவைக் கடித்தான். பூசிய இடமெல்லாம் அவன் கைவேலை, கசப்பில் பல் இறங்கவில்லை. சேற்றுக்குள் புகுந்து, பூசாத அடி வழியாக மரத்துக்குள் நுழைந்தான். அவன் சொந்தபந்தம் அத்தனையும் பின்னாலேயே நுழைந்தது. உள்ளே மூன்று குட்டிகளும் கீச்சிட்டன. விழுந்து விழுந்து தின்றார்கள். வைரம் பாய்ந்த வேங்கை, லேசில் விட்டுக்கொடுக்குமா? கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்தான் கேட்டது. துளை மறுபக்கம் திறந்தபோது தண்ணீர் மட்டும் வெளியே வந்தது.

வெளியே மூக்காயி காத்துக்கொண்டிருந்தாள். கரையான் வெளியே வரவில்லை. எந்த முகத்தோடு வருவான்?

அன்றைக்கு உள்ளே போனவன்தான். இன்றுவரை வெளிச்சத்தில் முகம் காட்டாமல், மண்ணால் மூடிய வழியிலேயே வந்து, அடி பூசாத கதவாகப் பார்த்து ஏறுகிறான். வெளிப்பூச்சில் வாய் வைக்காமல், உள்மரத்தை மட்டும் தின்றுகொண்டே போகிறான்.